புகை வாக்குக் கொடுக்காது

என் பிள்ளைகள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். விசேஷ வீட்டிலிருந்து யாராவது மிச்சத்தைப் பாத்திரத்தில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால், "இது எப்ப சமைச்சது?" என்று நேருக்கு நேராகக் கேட்கிறேன். கொண்டுவந்தவர்களின் முகம் சுருங்குகிறது. "இப்படிக் கேட்டா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார். எவனும் கூப்பிட வேண்டாம்.

சென்ற மாதம் இங்கே கிள்ளானில் ஒரு பெயர்சூட்டு விழாவுக்குப் போய்வந்த என் கடைசிப் பையன், மறுநாள் துணியைப் பிழிந்து போட்டதுபோல் கிடந்தான். முந்தின நாள் கோழியைச் சுடவைத்துப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், தெருவில் பந்து உதைக்கிறான். நான்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் தட்டை இழுத்து ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன். படித்தவள், ஆங்கிலப் புத்தகங்களில் கிருமிகளைப் பற்றி வாசித்தவள், பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது எந்தப் புத்தகமும் நினைவுக்கு வரவில்லை. ஒரு முகம்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர். தெரு முழுக்க அவரை 'ஐஸ்காரம்மா' என்றது. நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

அவர் என்றால் முதலில் அந்தக் கோட்டு. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. கறுப்புக் கம்பளி, முழங்காலுக்குக் கீழே தொங்கும். சடக்கில் தார் உருகுகிற நண்பகலில், சேலைக்குமேல் அந்தக் கோட்டை மாட்டி, காலில் வீட்டுக்காரருடைய பழைய பூட்ஸைப் போட்டு, தலையில் கூடையை வைத்துக்கொண்டு ஐஸ் ஃபாக்டரிக்கு நடப்பார். ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். விடலைப் பையன்கள் பின்னாலேயே வந்து, "ஐஸ்காரம்மா, லண்டனுக்கா?" என்பார்கள்.

"ஆமாண்டா, ஒங்கப்பனுக்குப் பொண்ணு பாக்கப் போறேன்" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கூடையில் இருப்பது புகைபோட்ட வாத்து. அவர் வீட்டுக்காரர் ரயில்வே பெரிய துரை ஒருவர் வீட்டில் குசினிக்காரர். துரைமார் விருந்துகளுக்கு வாத்து அக்காவின் கொல்லையிலிருந்துதான் போகும். உப்பும் மஞ்சளும் மிளகும் தடவி, தகர உருளைக்குள் தேங்காய் மட்டையை மூட்டம் போட்டுத் தொங்கவிடுவார். செமினிப் பக்கத்து மலாய்க்காரர்கள் 'சாலாய்' என்று செய்வதுதான். மிளகு மட்டும் அக்காவுடையது. விருந்தில் மிஞ்சுவது குசினிக்காரருக்குச் சேரும். மற்ற குசினிக்காரர்கள் வீட்டில் அந்த மிச்சம் அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கும். ஒரு வாரம் தொங்கும். போகிற வருகிற பிள்ளைகள் கிள்ளிக் கிள்ளித் தின்பார்கள். புகை போட்டது கெடாது என்பது அந்தத் தெருவின் வேதம்.

அக்கா வீட்டில் தொங்கவிடக் கம்பியே கிடையாது.

மிச்சம் வந்ததும் முதலில் விசாரணை. வீட்டுக்காரர் தூக்குப் பாத்திரத்தோடு வாசலிலேயே நிற்க வேண்டும்.

"சாப்பிட்டு முடிச்சு ஆட்டம் போட்டாங்களா?"

"ஆட்டமெல்லாம் இல்ல. சீக்கிரமே எழுந்துட்டாங்க."

அக்கா மூடியைத் திறந்து வாத்தைத் திருப்பிப் பார்ப்பார். "அப்புறம் எப்படி இதுமேல மெழுகுவத்தி இவ்வளவு ஒழுகியிருக்கு?"

துரைமார் ஆடி முடிக்கிறவரை வாத்து மேசையிலேயே கிடந்திருக்கிறது என்று அர்த்தம். நேரே கொல்லைக் குழிக்குப் போகும். அவர் வீட்டுக்காரர் நல்ல மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். என் வீட்டுக்காரரிடம் வந்து, "ஊருல உள்ள துரைக்கெல்லாம் ஆக்கிப் போடறேன் தம்பி. என் வீட்டுல ஒரு தொடைக்கறி திங்க விசாரண கமிஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஒருமுறை ஒரு தொடையைக் காகிதத்தில் சுற்றித் தன் குடைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அன்று மழை பிடித்தது. அக்கா குடையை விரித்தார். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

விசாரணையில் தேறியதை வைத்துக்கொண்டு அக்கா உட்காரமாட்டார். எலும்பிலிருந்து கறியை உரித்து, ஐஸை உடைத்துக் கொட்டிய தட்டின்மேல் இன்னொரு தட்டை வைத்து, அதில் பரப்பி விசிறுவார். சூடு முழுக்க ஆறியதும் எண்ணெய்க் காகிதத்தில் தட்டையாக மடித்து, உள்ளே காற்று நிற்காதபடி உள்ளங்கையால் அழுத்தி, அதன்மேல் இன்னொரு காகிதம், அதன்மேல் துணி. ஒரு பொட்டலம் என்றால் ஒரு வேளைக்கு உள்ளதுதான்.

"பெருசா ஒண்ணாக் கட்டினா வேல மிச்சம்தானக்கா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"தடியாக் கட்டினா வெளிய கல்லு, உள்ள காய்ச்சல். குளிரு நடுவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும்."

ஐஸ் ஃபாக்டரியின் குளிரறையில் அவருக்கு ஓர் அலமாரித் தட்டு வாடகைக்கு இருந்தது. அதன்மேல் அவருக்கு ராணி கணக்காய் அதிகாரம். ஒருநாள் மேல்தட்டில் யாரோ பச்சை மீனை வைத்திருந்தார்கள். மீன் தண்ணீர் சொட்டினால் கீழே இருக்கிற வெந்த கறியில் விழும். ஃபாக்டரி முதலாளியான சீனத் தவுக்கே, எல்லாம் உறைந்துவிடுமே, என்ன வந்தது என்றார்.

"தாபோலே, தவுக்கே. முடியாது. மீனு கீழ வரணும், என் வாத்து மேல போகணும்."

"நாளைக்கு மாத்தறேன்லா."

"நான் நிக்கிறேன்லா" என்று கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு குளிரறைக்குள்ளேயே நின்றுவிட்டார். தவுக்கே வெளியே நின்று பார்த்தார். பிறகு அவரே உள்ளே வந்து மீனைத் தூக்கினார். பல் கிட்டிக்கொண்டிருந்தது அவருக்குத்தான். அக்காவுக்குக் கோட்டு இருந்ததே.

அந்தத் தட்டின் மூலையில் ஒரு சின்ன மங்கில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு செம்புக் காசை வைத்திருப்பார். போகும்போதெல்லாம் முதலில் அந்த மங்கைத்தான் பார்ப்பார். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள் காசு மங்கின் அடியில் கிடந்தது. மேலே மறுபடியும் ஐஸ்.

"மெஷின் நின்னுச்சா, தவுக்கே?"

நிற்கவே இல்லை என்றார் தவுக்கே.

"அப்ப காசு தானா முங்கு நீச்சல் அடிச்சுதா?"

ஒருமுறை உருகி மறுபடி உறைந்த எதையும் அவர் வைத்துக்கொள்ளமாட்டார். "ஐஸு எதையும் கொல்லாது தங்கச்சி. தூங்கத்தான் வைக்கும். நல்லதும் தூங்கும், கெட்டதும் தூங்கும். எழுப்பினா ரெண்டும் எழுந்திருச்சுக்கும். எழுந்ததத் திரும்பத் தூங்கவச்சு, திரும்ப எழுப்பினா, கெட்டதுதான் முந்திக்கும்." கிறிஸ்மஸுக்குத் துரைமாருக்கு என்று சேர்த்து வைத்திருந்தது முழுவதும் குழிக்குப் போனது. அவர் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இந்தக் கண்டிப்பு எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த சமயம் அது. வேலை போனவர்கள் மூட்டையோடு ரயிலடிப் பக்கம் சுற்றுவார்கள். ஒருநாள் ஒரு குடும்பம் அக்கா வீட்டு வாசலில் நிற்கையில், அவர் சந்தேகப்பட்ட வாத்தை அவர்கள் கண்ணெதிரே குழியில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினார். எதிர்வீட்டு அம்மாளுக்குத் தாங்கவில்லை.

"வயிறு காயிறவன் முன்னால கறியக் கொட்டுறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"வயிறு காயிறவன்னா என் குப்பத்தொட்டியா?" என்று இங்கிருந்தே கத்தினார் அக்கா. "நீ திங்க யோசிக்கிறத அவன் திங்கணுமா?" பிறகு உள்ளே போய்ச் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, அந்தக் குடும்பத்தை உட்காரவைத்துப் போட்டார். தெரு அந்தக் குழம்பை மறந்துவிட்டது. கொட்டிய வாத்தை மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது சரக்குக் கொட்டகையில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். தோட்டங்களிலிருந்து வரும் கித்தா ஷீட்டுகளைக் கப்பலுக்கு ஏற்றிவிடுவது அவர் வேலை. அவர் அக்காவிடம் ஒருமுறை வாதம் பண்ணிப் பார்த்தார்.

"அக்கா, ஷீட்டும் புகை போட்டதுதான். லண்டன் வரைக்கும் கெடாமப் போகுதே."

"லண்டன்ல அத எவனும் கடிச்சுத் திங்கலியே தம்பி. டயருதான செய்யறான்? புகை வாசன கொடுக்கும். வாக்குக் கொடுக்காது."

சிரித்துவிட்டோம். ஆனால் அந்த ஷீட்டுதான் பின்னால் வினையாக வந்தது.

அக்காவுக்கு ஒரே மகன், மணியம். ரயில்வே தந்தி ஆபீஸில் வேலை. பத்துமலையில் தைப்பூசத்தன்று ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். செமினியில் ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள். அவ்வளவு பெரிய இடத்தில் ஒத்துக்கொள்வார்களா என்று பயந்துகொண்டேதான் ஆள் அனுப்பினார் அக்கா. ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு மக இல்லாத குற தீந்துச்சு தங்கச்சி" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டார் வரும் நாள் வந்தது. கொல்லையில் கொட்டகை போட்டிருந்தோம். அக்காவின் சோறும் குழம்பும் தயார். கங்காணி லோரியில் சுற்றம் சூழ வந்து இறங்கினார். கூடவே மூன்று பெரிய கூடைகள்.

"சம்பந்தியம்மா புகைவாத்துக்குப் பேர் போனவங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம தோட்டத்து வாத்தையும் ருசி பாருங்க" என்றார். "ஷீட்டு தொங்குற புகைவீட்டுலயே, அதே கம்புலயே தொங்கவிட்டது."

பெருமையும் பிரியமுமாகத்தான் சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை; இதை இன்றைக்கும் சொல்வேன்.

வழக்கப்படி முதல் பந்தி பிள்ளைகளுக்கு. தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். என் மூத்தவள் சரசு, அப்போது பால்பல் விழாத வயது, முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். கங்காணியின் ஆள் ஒருவர் கூடையைத் திறந்து இலைகளில் வாத்தை வைத்துக்கொண்டே போனார். அக்கா சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர், கூடையருகே வந்து ஒரு துண்டை எடுத்தார். முகர்ந்தார். இறக்கைக்கு அடியில் விரலை விட்டு, விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது எப்ப புகை போட்டது?"

"நேத்துத்தான். மணக்குது பாருங்க" என்றார் கங்காணி.

"அதுக்கு முன்னாடி?"

கங்காணிக்குக் கேள்வி புரியவில்லை. பரிமாறிய ஆள்தான் உதவிக்கு வந்தார். "முன்னாடி தோட்டத்துத் துரை ஊருக்குப் போற விருந்துல வச்சதும்மா. நெறைய மிஞ்சிருச்சு. ரெண்டு நாளுல லேசா வழுவழுன்னு ஆச்சு. எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவி மறுபடி புகைக்கு ஏத்திட்டோம். இப்ப புதுசு மாதிரி."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் ஷீட்டில் பூசணம் பிடித்தால் துடைத்துக் கழுவி மறுபடியும் புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். முதல் தரமாகவே விலை போகும். அதையே வாத்துக்கும் செய்திருந்தார்கள். கூட்டத்தில் இருந்த யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும் ஒரு கணம் படவில்லை.

"கைய எடுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை அழுதது. பந்திக்குள் இறங்கி இலைகளை மடக்கி மடக்கி வாரினார். சரசு வாயில் கறி இருந்தது. அக்கா அவள் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தார். என் பிள்ளை ஓங்கரித்தாள். நான் ஓடிப்போய் அவளைப் பிடுங்கிக்கொண்டேன். "என்னக்கா இது, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"வாயக் கொப்பளிக்க வை. அப்புறமா என்னைத் திட்டு" என்றார்.

கங்காணியின் முகம் கறுத்துவிட்டது. கூடையிலிருந்து ஒரு தொடையை எடுத்தார். எல்லாரும் பார்க்க, எலும்பு தெரிகிறவரை தின்றார். "பாத்துக்குங்க. நான் செத்தா நீங்க சொன்னது சரி. பொழைச்சா, என்னைச் சபையில அவமானப்படுத்தினதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

"ஒங்க வயிறும் பால்பல்லு விழாத புள்ள வயிறும் ஒண்ணா அண்ணே?" என்றார் அக்கா. பிறகு மூன்று கூடையையும் குழியில் கவிழ்த்து, நாய்கூடத் தொடாதபடி மண்ணெண்ணெய் ஊற்றினார். லோரி வந்த வழியே திரும்பிப் போனது. மணியம் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினான்.

கங்காணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வழக்கம்போல் விடியற்காலைப் பெரட்டில் நின்று வேலையாட்களை எண்ணினார் என்று செய்தி வந்தது. பிரிக்பீல்ட்ஸ் சிரித்தது. "வாத்துக்காக மருமகளக் குழியில போட்டவ" என்றார்கள். பாசாரில் அவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகர்ந்து காட்டினார்கள். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தின் நடுவிலேயே நடந்தார். சுற்றுவழி இருந்தது. அதில் போகவில்லை.

பெரியவர்கள் இருபக்கமும் பேசினார்கள். கடைசியில் கங்காணி ஒரு வழி சொன்னார். ஐஸ்காரம்மா செமினிக்கு வரவேண்டும். தோட்டத்து ஜனங்கள் முன்னால், 'வாத்து நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் தப்பா நெனச்சிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அன்றே பரிசம்.

அக்கா போகிறேன் என்றார். மணியம் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். துணைக்கு நான். காஜாங் வழியாகப் பஸ்ஸில் போனோம். வழி நெடுக அக்கா அந்தச் சட்டையின் கசங்கலை நீவிவிட்டுக்கொண்டே வந்தார். பெற்ற பிள்ளைக்காக இறங்கிவருகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எந்தத் தாயும் வருவாள்.

கங்காணி வீட்டு முன்வாசலில் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஜனங்கள் கூடியிருந்தார்கள். இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள் நிறைய. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் சேலை தெரிந்தது. அக்கா நேரே போய்க் கங்காணியின் காலில் விழுந்தார். ஆளுயர உடம்பு தரையில் நீளக் கிடந்தது.

"ஒங்க வீட்டு விருந்த ஒங்க கண்ணு முன்னால கொட்டினேன். சபையில தலகுனிய வச்சேன். அது தப்பு. எத்தன தரம் வேணும்னாலும் விழறேன்."

கங்காணி பதறிப்போய் நகர்ந்தார். அவரும் இளகிவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. "எந்திரிங்கம்மா, எந்திரிங்க. அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிடுங்க. முடிஞ்சிரும்."

"அத மட்டும் கேக்காதீங்க அண்ணே."

"அம்மா!" என்றான் மணியம். "ஒரு வார்த்தைம்மா. பொய்யாவாவது சொல்லு. மண்ணுக்குள்ள போன வாத்துக்கு என்னம்மா இப்ப?"

அக்கா எழுந்து, முன்னால் நின்ற பெண்களைக் காட்டினார். "வாத்துக்கு ஒண்ணுமில்லடா. இவங்க கேட்டுட்டு நிக்கிறாங்க. ஐஸ்காரம்மாவே நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டாள்னா, நாளைக்கு இந்த லயத்துல வழுவழுன்னு போனதையெல்லாம் கழுவி மறுபடி ஏத்துவாங்க. இடுப்புல இருக்கறதுக்கு ஊட்டுவாங்க. எம் பொய்ய அதுங்க திங்கணுமா?"

ஒரு பெண் தன் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கங்காணி உள்ளே போய்விட்டார். கதவு சாத்தப்பட்டது. மணியம் எங்களோடு திரும்பி வரவில்லை. நடந்தே காஜாங்குக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ போனான். வேலையை விட்டுவிட்டான், போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் சரக்கு எண்ணுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டோம். கடிதம் கிடையாது.

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, நெசமாவே அது கெட்டுப்போயிருந்துச்சா?"

"தெரியாது."

"தெரியாதா? தெரியாமலா இவ்வளவும்?"

"கழுவி, எலுமிச்ச போட்டு, புகையும் ஏத்தினப்புறம் எந்த மூக்குக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா நான் ஏன் கத்தறேன், எல்லாருக்கும் காட்டியிருப்பேனே. தெரியாததனாலதான் கத்தினேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் சொன்னது சரின்னு ஊருக்குக் காட்டணும்னா, அந்தப் பந்தியிலேருந்து ஒரு புள்ள போயிருக்கணும் தங்கச்சி. எந்தப் புள்ளையக் கொடுக்கச் சொல்ற? ஒம் புள்ளையவா?"

நான் சரசுவை நினைத்துக்கொண்டேன். கொஞ்சதூரம் போனதும் அவராகவே சொன்னார்: "எம் மவன் ஆயுசுக்கும் எம்மேல கோவமா இருப்பான். இருக்கட்டும். உசுரோட இருந்துகிட்டுக் கோவப்படட்டும்."

அக்கா மாறவில்லை. வாத்து புகைந்தது, கோட்டு நடந்தது, மங்கில் காசு உட்கார்ந்திருந்தது. தெருவும் மாறவில்லை, கம்பிகளில் மிச்சம் தொங்கியது. ஆனால் பெண்கள் சிலர், ஆண்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கொல்லை வழியாக அக்காவிடம் வருவதைக் கண்டிருக்கிறேன். முந்தானைக்குள் ஒரு கிண்ணம் இருக்கும். "இத புள்ளைக்குக் கொடுக்கலாமாக்கா?" என்று ரகசியமாகக் கேட்பார்கள். மறுநாள் பாசாரில் அவர்களும் சேர்ந்துதான் சிரிப்பார்கள். அக்கா அவர்களைக் காட்டிக்கொடுத்ததில்லை.

எங்களுக்குக் கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம். வெள்ளையாகப் பனி படிந்து, கல்லாக இருந்தது.

"என்னக்கா இது?"

"மணியத்துக்கு வச்சது. நெஞ்சுக்கறி. அவனுக்கு அதுதான் புடிக்கும்."

மகன் போன நாளிலிருந்து குளிரறையில் அவனுக்கென்று எப்போதும் ஒரு பொட்டலம் இருந்திருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

"கல்லு மாதிரி இருக்கேக்கா. இத ஏன் பொதைக்கிறீங்க?"

"ரெண்டு சம்பளம் தாண்டிருச்சு." இரண்டு மாதத்துக்குமேல் எதையும் அவர் ஐஸில் வைத்திருப்பதில்லை.

"ஒங்க மகனுக்குத்தான? இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போகட்டுமே. வரவும் காணோம்."

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பந்தியில் நின்றபோது இருந்த அதே முகம்.

"வரமாட்டான்னா எதுக்கு வைக்கணும்? வருவான். வர்ற அன்னிக்கு அவனுக்குப் பழசையா போடுவேன்?"

பொட்டலத்தைக் குழியில் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தார். கையைக் கழுவிக்கொண்டு தகர உருளையின் மூடியைத் தூக்கினார். உள்ளே புது வாத்து ஒன்று, பாதி சிவந்து, புகையில் தொங்கிக்கொண்டிருந்தது.